திரைக்குப் பின்னால் பெரியவர்

வெள்ளிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாகப் பார்வதி எழுந்து செய்த முதல் காரியம், கூடத்துக்குப் போய்ப் பெரியவரை முறைத்துப் பார்த்ததுதான்.

பெரியவர் யார் என்று முதல் வாரத்திலிருந்து படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்குத்தான் பக்கத்து வீட்டில் பத்திரிகை இரவல் வாங்கிப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பெரியவர் ஒரு மீன்.

அதுவும் சாதாரண மீன் இல்லை. ஆப்பிரிக்காக் கெளுத்தி. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருக்கிற பார்வதியின் வீட்டுக்காரர் ஜானகிராமன், மெட்ராஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், திரும்பி வரும்போது தாம்பூலப் பையோடு ஒரு பிளாஸ்டிக் பையையும் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் விரல் நீளத்துக்கு இது நெளிந்துகொண்டிருந்தது.

“ஒரு சாணுக்கு மேல வளராதாம், பார்வதி.”

அந்த உறுதிமொழி மீனுக்குத் தெரியாது. பையில் இருந்து பாட்டிலுக்கும், பாட்டிலில் இருந்து அண்டாவுக்கும் மாறியது. அண்டாவும் போதாமல், வெல்டிங் பட்டறை ஐசக் இரும்பு ஆங்கிள் அடித்துக் கட்டில் நீளத்துக்குக் கண்ணாடித் தொட்டி செய்து கொடுத்தார். இப்போது கூடத்தில் பாதி அதுதான். மீன் முழங்கையைத் தாண்டி நீண்டுவிட்டது. உடம்பெல்லாம் ஒட்டகச்சிவிங்கிக்கு இருக்கிற மாதிரி பழுப்புக் கட்டங்கள். வாயோரம் நீளநீளமாய் மீசை. அந்த மீசையைப் பார்த்துத்தான் மகள் கஸ்தூரி, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, ‘பெரியவர்’ என்று பேர் வைத்தாள்.

பேரோடு மரியாதையும் ஒட்டிக்கொண்டது. அந்தத் தெருவில் சின்னது பெரிசு எல்லாம் அவரை ‘வராரு, போறாரு’ என்றுதான் பேசும். வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் கவுச்சி கிடையாது. பெரியவருக்கும் அன்றைக்குச் சைவம்தான்.

அப்படிப்பட்டவரை ஏரியில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று பார்வதி போட்ட போடுதான் முந்தாநாள் வீட்டை இரண்டாக்கியது. அவள் பக்கத்தையும் கேட்க வேண்டும் அல்லவா? இதற்கு முன் கஸ்தூரியைப் பார்க்க வந்த ஒரு நல்ல இடம், பெரியவர் வாலால் அடித்த ஒரே அடியில் மாப்பிள்ளை அம்மாவின் பட்டுப்புடவை நனைந்து, ‘போய்ச் சொல்லி அனுப்பறோம்’ என்று போனதுதான். சொல்லி அனுப்பவேயில்லை. பால்வாடி டீச்சராக இருக்கும் கஸ்தூரிக்கு அவள் வயசுப் பெண்கள் எல்லாரும் கைக்குழந்தையோடு எதிரே வந்து நலம் விசாரிக்கிறார்கள். பெற்றவளுக்கு எப்படி இருக்கும்?

இன்றைக்கு வரப்போகிறவர்கள் திருப்புட்குழிக்காரர்கள். பையன் ஏகாம்பரம் டிராயிங் மாஸ்டர். தறிக்காரக் குடும்பம், தங்கமான குணம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இந்த இடமும் கைநழுவினால், வீட்டுக்குள் வராமல் கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிடுவதாகப் பார்வதி சொல்லியிருந்தாள்.

“பெரியவரு ஏரிக்குப் போனா நான் புடவையே மாத்த மாட்டேன்,” என்று கஸ்தூரியும் சொல்லியிருந்தாள்.

ஏரி என்று ஆரம்பித்த பஞ்சாயத்து கடைசியில் ஒரு திரையில் வந்து நின்றது. இரண்டு மெத்தை விரிப்புகளைச் சேர்த்துத் தைத்து, ஆணி அடித்துக் கயிறு கட்டி, தொட்டியைத் தரைவரைக்கும் மறைத்துவிடுவது. வந்தவர்கள் போகிற வரைக்கும் பெரியவர் கோஷா, திரைக்குள்ளேதான்.

“ரெண்டு நாளா ஒண்ணும் தொடல பார்வதி,” என்றார் ஜானகிராமன், ஆணியை வாயில் கவ்விக்கொண்டு. “ஈரல் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. நீ சொன்னது அவரு காதுல விழுந்துட்சு.”

“அவருக்கு ஏதுங்க காது? எல்லாம் கொழுப்பு.”

வாய் அப்படிச் சொன்னதே தவிர, பார்வதிக்கு உள்ளே சுருக்கென்று தைத்தது. அதற்குக் காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மத்தியானம் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். புருஷன் பஸ் ஸ்டாண்டில், பெண் பால்வாடியில். அந்த நேரத்தில் பார்வதி தொட்டியண்டை போய் வளையலால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவாள். பெரியவர் மேலே வருவார். காலையில் மிஞ்சிய இட்லியைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தபடி, தெருவில் யார் யாரோடு பேச்சில்லை, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் எதிரில் அவரைக் கரித்துக்கொட்டுகிறவள் அவள்தான். மத்தியான சமாசாரம் வெளியே தெரிந்தால் மானம் போகாதா?

ஏரிப்பேச்சு பேசிய நாளிலிருந்து அவள் மத்தியானத்தில் தொட்டிப் பக்கம் போகவில்லை. வீட்டை விட்டு அனுப்பு என்று சொல்லிவிட்டு, அவரிடமே போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேச எந்த முகத்தோடு போவது?

திரை விழுந்தது. உள்ளே காற்றுக்குமிழி விடுகிற மோட்டார் மட்டும் முர்ர் முர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே இப்படியிருக்க, பஸ் ஸ்டாண்டில் நடந்தது பார்வதிக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தால் தப்பில்லை.

காஞ்சிபுரம் பஸ்ஸில் இருந்து ஏகாம்பரத்தின் அம்மா செல்லம்மாள் இறங்கினாள். பின்னால் வாயே திறக்காத அவள் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை. பெண் எடுக்கிற வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்காமல் வாசற்படி மிதிக்கிற வழக்கம் செல்லம்மாளுக்கு இல்லை. பூ வாங்குகிற சாக்கில் பூக்காரி முனியம்மாளைப் பிடித்தாள்.

“டைம் கீப்பரு வூட்ல யாராருமா கீறாங்க?”

“அவரு, அந்தம்மா, பொண்ணு. அப்பறம் பெரியவரு.”

செல்லம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று பேர்தான் என்றல்லவா சொல்லியிருந்தார்கள்?

“பெரியவருக்கு நடமாட்டம் உண்டா?”

“எங்கம்மா. ஒரே எடத்துல கெடக்கறாரு. இப்ப ரெண்டு நாளா சாப்டலயாம், பாவம். அந்தப் பொண்ணுதான் அல்லாம் பாக்குது. தண்ணி மாத்தி வுடறது, ஈரல் நறுக்கி வாயண்ட குடுக்கறது, அல்லாம் அதான். அம்மாக்காரிதான் ஏரில கொண்டும்போயி வுட்டுடணும்னு ஒத்தக் கால்ல நிக்குது.”

முனியம்மாள் பொய் சொல்லவில்லை. கூட்டிச் சொல்லவும் இல்லை. அவர் மீன் என்பதை மட்டும் சொல்லவில்லை. தெருவுக்கே தெரிந்ததை யார் தனியாகச் சொல்வார்கள்?

செல்லம்மாள் பூவை வாங்கிப் பையில் போட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்த ஏகாம்பரம், “இன்னாம்மா?” என்று கேட்டதற்கு, “வா சொல்றேன்” என்றாள். சொல்லவில்லை.

வந்தவர்களை வரவேற்று, பாய் விரித்து, கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் வைத்தபோதே பார்வதிக்கு என்னவோ சரியில்லை என்று பட்டது. மாப்பிள்ளையின் அப்பா பஜ்ஜியில் இறங்கிவிட்டார். மாப்பிள்ளை பார்க்க லட்சணமாக, விரலில் மிச்சமிருந்த பச்சைச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தான். செல்லம்மாள் மட்டும் கேசரியைத் தொடவில்லை. அவள் கண் திரையிலேயே இருந்தது. முர்ர் என்ற சத்தம் வரும்போதெல்லாம் உச்சுக் கொட்டினாள்.

“வூட்ல மூணு பேர்தானா நீங்க?”

“மூணு பேர்தாங்க,” என்றாள் பார்வதி.

“பெரியவரைக் கணக்குல சேர்க்கலயா?”

பஜ்ஜித் தட்டைப் பார்வதி கீழே வைத்தாள். போச்சு. எந்தப் பாவியோ போட்டுக் கொடுத்துவிட்டான். புருஷனைப் பார்த்தாள். அவர் ஃபேனைப் பார்த்தார்.

“தெரிஞ்சிபோச்சுங்களா?”

“ஊருக்கே தெரிஞ்சவரைத் துணி போட்டு மறைச்சா ஆச்சா?”

“இல்லீங்க, மொத மொத வரீங்க. பார்த்தா உங்களுக்கு அருவருப்பா இருக்குமோன்னுதான்.”

“அருவருப்பா?” செல்லம்மாளின் குரல் ஏறியது. “ஏரில கொண்டும்போயி வுட்டுடணும்னு சொன்னீங்களாமே, மெய்யா?”

இதுவுமா? பார்வதிக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. இவர்களுக்கு ஜீவகாருண்யம் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

“ஏதோ கோவத்துல சொன்னதுங்க. கூடத்துல பாதி எடத்தை அடைச்சிக்கினு கெடந்தா யாருக்குத்தான் ஆத்திரம் வராது? நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?”

“நானா? எங்க மாமனாரு பக்கவாதத்துல வருசக்கணக்கா படுத்த படுக்கை. எல்லாம் என் கையாலதான். போன தையிலதான் போய்ச் சேர்ந்தாரு. ஒரு நாளு, ஒரு பொழுது, எடத்தை அடைக்கிறாருன்னு நான் நெனைச்சது கெடையாது.”

மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது மாமனார் ஏன் குறுக்கே வந்தார் என்று பார்வதிக்கு விளங்கவில்லை. ஆனாலும் செத்தவருக்கு மரியாதையாக, “பாவங்க” என்றாள்.

செல்லம்மாள் அவளை விட்டுவிட்டு, காபி கொண்டுவந்து நின்ற கஸ்தூரி பக்கம் திரும்பினாள். குரல் அப்படியே குழைந்துவிட்டது.

“கண்ணு, அவருக்கு எல்லாம் நீதானே பாக்கறே?”

“ஆமாங்க. தண்ணி மாத்தறது, சாப்பாடு குடுக்கறது எல்லாம் நான்தான்.”

“உனக்கு மொகம் சுளிக்கத் தோணலயா?”

“அவர்கிட்டயா?” கஸ்தூரி காலையிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். “மீசையத் தொட்டுப் பாருங்க, அவ்ளோ மெத்துன்னு இருக்கும்.”

செல்லம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏகாம்பரம், பொண்ணுன்னா இது பொண்ணு,” என்றாள். பையில் இருந்து வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்தவள், மடிமேல் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “எங்க வழக்கத்தைச் சொல்லிடறேன். பொண்ணு வூட்ல மூத்தவங்க யாரோ, அவங்க கால்ல வுழுந்து கும்பிட்டுட்டுத்தான் தட்டு வைப்போம். பெரியவரைக் காட்டுங்க. காட்ட மாட்டேன்னா இந்தத் தட்டு வந்த வழியே பைக்குள்ள போவும்.”

“கால்லயா?” பார்வதி திகைத்துப் போனாள். “அவருக்குக் காலு இல்லீங்களே.”

“ஐயோ பாவமே. காலும் இல்லயா?”

அப்போதுதான் ஜானகிராமனுக்கு எங்கேயோ ரூட்டு மாறிப் போகிறது என்று உறைத்தது. “ஒரு நிமிசங்க,” என்று வாயைத் திறந்தார்.

திறந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது.

ஃபேன் தள்ளாடி நின்றது. திரைக்குப் பின்னால் முர்ர் என்ற சத்தமும் நின்றது.

“மூச்சு நின்னுட்சே,” என்று செல்லம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

கஸ்தூரி காபியை அப்படியே வைத்துவிட்டுத் திரைக்குள் ஓடினாள். கரண்ட் போனால் அவள் செய்கிற வேலை அது. மோட்டார் நின்றால் பெரியவருக்கு மூச்சு முட்டும். சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு மேலேயிருந்து ஊற்ற வேண்டும். சளார் சளார் என்று தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“மயக்கம் தெளிய மொகத்துல தண்ணி தெளிக்குது பாரு. ஏகாம்பரம், போய்க் கூடமாட புடிடா.”

ஏகாம்பரம் பாய்ந்தான். அவசரத்தில் திரையை விலக்கத் தெரியாமல் இழுத்துவிட்டான். இரண்டு ஆணியும் பிடுங்கிக்கொண்டு வந்து, இரண்டு மெத்தை விரிப்பும் அவன் தலைமேல் விழுந்தன.

கட்டில் நீளத்துக்குத் தொட்டி. அதன் பக்கத்தில் முந்தானையை இடுப்பில் செருகி, கையில் சொம்போடு கஸ்தூரி. தண்ணீருக்குள் நிதானமாக ஒரு வாலாட்டல்.

“பெரியவரு எங்க?” என்றாள் செல்லம்மாள் மெதுவாக.

“இவருதாங்க,” என்றாள் கஸ்தூரி.

மாப்பிள்ளையின் அப்பா, வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்தார். “மீசை நல்லாத்தான் கீது.”

விரிப்புக்குள்ளிருந்து ஏகாம்பரம் சிரிக்கிற சத்தம் கேட்டது. ஜானகிராமன் விஷயத்தை எடுத்துச் சொல்லச் சொல்ல, செல்லம்மாள் பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தவளுக்கு நிறுத்த முடியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள். “காலு இல்லீங்களேன்னு சொன்னியே மகராசி,” என்று பார்வதியின் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள். அரைகுறையாகச் சொன்ன பூக்காரியைப் பிடித்து, அபராதமாகப் பத்து முழம் கூட வாங்கப் போவதாகச் சொன்னாள்.

பார்வதியும் சிரித்தாள். ஒரு கிழவரை ஏரியில் தள்ளப் பார்த்தவளாக இத்தனை நேரம் உட்கார்ந்திருந்தோமே என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கண் தொட்டியிலேயே இருந்தது. பெரியவர் தண்ணீருக்கு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். மீசை துவண்டு கிடந்தது. பட்டினி கிடந்த களைப்பு.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒரு இட்லியோடு வந்தாள். யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்ற நினைப்பே அவளுக்கு இல்லை. வளையலால் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டினாள்.

பெரியவர் திரும்பினார். துவண்டு கிடந்த மீசை விரிந்தது. நேரே அவள் கைக்கு வந்தார். ஒரு துண்டு, இன்னொரு துண்டு, அப்புறம் மறுபடி ஒன்று. இரண்டு நாளைப் பசியும் அந்த இட்லியில் தீர்ந்தது.

“பார்வதி,” என்றார் ஜானகிராமன். “இது எத்தினி நாளா நடக்குது?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கையை எடுத்துவிடலாமா என்று பார்த்தாள். பெரியவர் விரல் நுனியை மெத்தென்று கவ்விக்கொண்டிருந்தார்.

“மத்தியானத்துல இந்த வூட்ல எனக்குப் பேச்சுத்துணைக்கு வேற யாருங்க கீறாங்க?” என்றாள். கையை எடுக்கவில்லை. “நான் பேசலன்னுதான் அவரு சாப்டல.”

“அம்மா,” என்று கஸ்தூரி ஒரு கையால் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். இன்னொரு கையில் இருந்த சொம்பை ஏகாம்பரம் வாங்கிக்கொண்டான். அவனாகவே தண்ணீரை மொண்டு ஊற்றத் தொடங்கினான். கொஞ்சம் கூட உயரத்தில் இருந்து ஊற்ற வேண்டும் என்று அவள் சொன்னாள். அவன் சரி என்றான். சன்னமாக அவள் இன்னும் ஏதோ சொன்னாள். அதற்கும் அவன் சரி என்றான். அது என்ன என்பது பார்வதி காதில் விழவில்லை.

செல்லம்மாள் சிரிப்பெல்லாம் அடங்கி எழுந்து வந்தாள். பார்வதி பக்கத்தில் நின்று பெரியவரை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எங்க மாமனாரும் இப்பிடித்தான். வேற யாரு குடுத்தாலும் வாங்க மாட்டாரு. என் கையால குடுத்தாத்தான் வாயத் தொறப்பாரு.” கண்ணாடியில் கையை வைத்தாள். “அவரு போனப்பறம் அந்த ரூமுக்குள்ள நான் போறதேயில்ல. பூட்டியே கெடக்குது.”

பார்வதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் இருந்த பயம் ஒன்றுகூட இப்போது இல்லை. இந்த வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றியது.

செல்லம்மாள் தொட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். “காலு இல்லன்னா போவுது,” என்றாள். பாயில் இருந்த தட்டை எடுத்து, மஞ்சளும் பூவும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பார்வதியிடம் நீட்டினாள்.

“பொண்ணு எங்களுது. பொண்ணு கூடவே பெரியவரையும் அனுப்பிடுங்க. மாமனாரு ரூமைத் தொறந்து வெச்சிடறேன்.”

கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். ஏகாம்பரமும் சிரித்தான். சன்னமாக அவள் என்ன கேட்டாள், அவன் எதற்குச் சரி சொன்னான் என்று பார்வதிக்கு அப்போது புரிந்தது.

தட்டை வாங்க நீண்ட அவள் கை பாதியில் நின்றது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிற தொட்டியை ஒரு தடவை பார்த்தாள். அது இல்லாத கூடத்தை, கஸ்தூரியும் இல்லாத ஒரு மத்தியானத்தை நினைத்துப் பார்த்தாள்.

“பொண்ணைக் குடுக்கறேங்க,” என்றாள் பார்வதி. “பெரியவரைக் குடுக்க மாட்டேன்.”

தட்டு அந்தரத்தில் நின்றது. கஸ்தூரியின் சிரிப்பும் நின்றது. பெரியவர் மட்டும் பார்வதி கையில் மிச்சமிருந்த துண்டைப் பார்த்து மறுபடி வாயைத் திறந்தார்.